வலிப்பு உள்ளவர் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?

“பொண்ணுக்குச் சின்ன வயசுல ஃபிட்ஸ் வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா, வேண்டாமா?” மும்பைப் பக்கம் நெருளிலோ செம்பூரிலோ ஒரு தமிழ்க் குடும்பம் வரன் பார்க்கத் தொடங்கும்போது, பெரியவர்கள் தங்களுக்குள் தணிந்த குரலில் பேசிக்கொள்ளும் கேள்வி இது. அண்மைக் காலமாக இதனோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது: “தாய்க்கு வலிப்பு இருந்தா, பிறக்கிற குழந்தைக்கு ஆட்டிசம் வந்துடுமாமே?” ‘இரண்டு மடங்கு ஆபத்து’ என்று ஒற்றை வரிச் செய்தி ஒன்று கைப்பேசியில் வந்து விழுகிறது. எதன் இரண்டு மடங்கு, யாருக்கு, ஏன் என்று அது சொல்வதில்லை. அதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணி ஒருத்தி தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தச் செய்தி அவள் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அறிவியல் சொல்வது இதுதான்: தொடர்பு உண்டு, ஆனால் அது சிறியது. அந்தச் சிறிய தொடர்பிலும் நம்மால் மாற்றக்கூடிய பகுதி பெரும்பாலும் ஒரே ஒரு மருந்தைச் சார்ந்தது. அதையும் கரு உருவாவதற்கு முன்பே மாற்றியாக வேண்டும். ஆகவே, வலிப்பை ஒளிப்பதால் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை. முன்கூட்டியே பேசுவதால் கிடைக்கிறது.

இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு?

பெற்றோரின் வலிப்பையும் பிள்ளைகளின் ஆட்டிசத்தையும் சேர்த்து ஆராய்வதற்கு, ஒரு நாட்டின் மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளும் வேண்டும். ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் அவை பல ஆண்டுகளாகப் பேணப்படுகின்றன. 2016-இல் ‘நியூராலஜி’ இதழில் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, வலிப்பு நோய் உள்ள 85,201 பேரையும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்தது. வலிப்பு உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கண்டறியப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 1.6 மடங்காக இருந்தது. தாய்க்கு வலிப்பு என்றால் 1.9 மடங்கு; தந்தைக்கு என்றால் 1.4 மடங்கு.

இந்த மடங்குகளைத் தலைகளாக எண்ணிப் பார்த்தால்தான் அளவு புரியும். டென்மார்க்கில் 1996 முதல் 2006 வரை பிறந்த 6,55,615 குழந்தைகளின் பதிவுகளை யாகோப் கிறிஸ்டென்சனின் குழு ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டது. அந்த நாட்டுக் குழந்தைகள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 15 பேருக்கு ஆட்டிச வகைக் குறைபாடு இருந்தது. தாய்க்கு வலிப்பு இருந்து, கர்ப்ப காலத்தில் ‘வால்ப்ரோயேட்’ என்ற மருந்தை எடுத்துக்கொள்ளாதவர்களின் பிள்ளைகளில் அது 1,000-க்கு 24. வலிப்புள்ள தாய் அந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால் 1,000-க்கு 42.

நடுவில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். வலிப்புள்ள, ஆனால் அந்த ஒரு மருந்தை எடுத்துக்கொள்ளாத தாய்மார்களின் பிள்ளைகளில் 1,000-க்கு 976 பேருக்கு ஆட்டிசம் இல்லை. ‘இரண்டு மடங்கு’ என்ற சொல் மறைத்துவிடுகிற உண்மை இது. ஒரு திருமணத்தை நிறுத்தவோ, தாய்மை வேண்டாம் என்று ஒரு பெண்ணிடம் சொல்லவோ இந்த எண்ணில் எந்த நியாயமும் இல்லை.

ஏன் இந்தத் தொடர்பு?

மூளையின் நரம்பணுக்களில் ஒரு பகுதி அடுத்த அணுவைத் தூண்டும். இன்னொரு பகுதி அடக்கும். தூண்டுவதற்குக் குளூட்டமேட், அடக்குவதற்குக் காபா என்ற வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. காலை ஒன்பது மணிக்குக் குர்லா நிலையத்து நடைமேம்பாலத்தைக் கடப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும்: முன்னால் நகர்கிறவர்களும் நின்று வழிவிடுகிறவர்களும் சரியான விகிதத்தில் இருக்கும்வரை கூட்டம் ஓடும், எல்லோரும் ஒரே நொடியில் தள்ளினால் நெரிசல்தான். மூளையில் பல்லாயிரம் அணுக்கள் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டுத் துடிப்பதுதான் வலிப்பு.

இதே விகிதம், குழந்தையின் மூளை வளரும் பருவத்திலேயே சற்று விலகியிருந்தால் என்ன ஆகும்? ஒலி, முகம், தொடுதல் ஆகியவற்றைப் பிரித்தறியும் நரம்புச் சுற்றுகள் வேறு விதமாக அமையக்கூடும். ஆட்டிசத்தின் ஒரு வேர் அங்கே இருக்கலாம். இந்தக் கருத்தை ஜான் ரூபன்ஸ்டைனும் மைக்கேல் மெர்செனிச்சும் 2003-இல் முன்வைத்தார்கள். ஆட்டிசம் முழுவதையும் அது விளக்கிவிடவில்லை. ஆனாலும் இரண்டு நிலைகளும் ஏன் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன என்பதற்கு அது ஒரு வழி காட்டுகிறது. எஸ்.சி.என்.2ஏ, சின்கேப்1 போன்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்கள் சிலருக்கு வலிப்பையும் சிலருக்கு ஆட்டிசத்தையும் சிலருக்கு இரண்டையும் தருகின்றன. ‘டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்’ என்ற அரிய மரபுநோயில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு; வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்பும், ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆட்டிசமும் உண்டு.

ஸ்வீடன் எண்களும் மரபணுவையே சுட்டுகின்றன. வலிப்பு உள்ளவரின் உடன்பிறந்தவர்களிடமும் ஆட்டிச வாய்ப்பு 1.6 மடங்காக இருந்தது. தந்தையின் வலிப்பும் பிள்ளையிடம் சிறிது எதிரொலிக்கிறது. தந்தை கருவைச் சுமப்பதில்லை. எனவே, ஒரு பகுதி மரபணு வழியாக வருகிறது என்றே கொள்ள வேண்டும். தாயிடம் கூடுதலாகத் தெரியும் பகுதியில் கருப்பைச் சூழலுக்கும் மருந்துக்கும் பங்கு இருக்கிறது.

எல்லா வலிப்பும் மரபு வழியில் போவதில்லை

இங்கே நம் நாட்டுக்கென்று ஒரு முக்கியமான செய்தி உண்டு. ஸ்வீடனில் வலிப்பு வரும் காரணங்களும் இந்தியாவில் வரும் காரணங்களும் ஒன்றல்ல. நாடாப்புழுவின் முட்டை, சுகாதாரமற்ற தண்ணீர் வழியாகவோ சரியாகக் கழுவாத காய்கறி வழியாகவோ உடலுக்குள் போய், மூளையில் சிறு கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். 1980-களில் இத்தகைய சிறு கட்டிகளை ஸ்கேனில் பார்த்த இந்திய மருத்துவர்கள் பலர், காசநோய்க் கட்டி என்று எண்ணிச் சிகிச்சை அளித்துவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை புழுக்கட்டிகளே என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு காட்டியது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் ராஜசேகர் குழு நடத்திய, 2006-இல் வெளியான கள ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது.

புழுக்கட்டியால் வந்த வலிப்பும், பைக் விபத்தில் தலையில் அடிபட்டதால் வந்த வலிப்பும், மூளைக்காய்ச்சலுக்குப் பின் வந்த வலிப்பும் மரபணுவில் எழுதப்பட்டவை அல்ல. அந்தக் காரணம் பிள்ளைக்குப் போகாது. அதுபோலவே, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் காய்ச்சலோடு ஓரிரு முறை வந்து நின்றுபோகும் வலிப்பு, வலிப்பு நோயே அல்ல. ‘சின்ன வயசுல ஃபிட்ஸ்’ என்று வீட்டில் சொல்வது பல நேரங்களில் இதைத்தான். ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “எனக்கு வந்தது எந்த வகை வலிப்பு?” என்பதே. பழைய ஸ்கேன், இ.இ.ஜி. தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்குத்தான்.

ஒரு மருந்தின் வரலாறு

வால்ப்ரோயேட்டின் மூலமான வால்ப்ரோயிக் அமிலம் 1882-இலேயே தயாரிக்கப்பட்டது. எண்பது ஆண்டுகள் அது ஆய்வகங்களில் வெறும் கரைப்பானாகவே இருந்தது. 1962-இல் பிரான்சில் பியர் எய்மார் என்ற ஆய்வு மாணவர், தாம் சோதிக்க வேண்டிய சேர்மங்களை அதில் கரைத்துப் பார்த்தார். எந்தச் சேர்மத்தைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. வலிப்பை அடக்கியது கரைந்த பொருள் அல்ல, கரைத்த திரவம் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1967-இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. விலை குறைவு, பல வகை வலிப்புகளுக்கும் கேட்கும். உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் வாழ்க்கையை அது மீட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த நன்மையை மறந்துவிட்டு அதை வெறும் விஷம் என்று சொல்வது தவறு.

ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு அது வேறு விதமாக வேலை செய்கிறது. 1982-இல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து எலிசபெத் ரொபேர் முதல் எச்சரிக்கையைத் தந்தார்: இந்த மருந்தை எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் முதுகுத்தண்டு சரியாக மூடாத குறைபாடு அதிகமாக இருந்தது. மரபணுக்கள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் நொதிகளில் ஒரு வகையை வால்ப்ரோயேட் தடுக்கிறது என்பது 2001-இல் தெரியவந்தது. மூளை உருவாகும் வாரங்களில் அந்த ஒழுங்கு குலைந்தால் விளைவு நீண்டகாலம் நிற்கும். மேலே சொன்ன டென்மார்க் ஆய்வின் 42 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுவாக இருக்கலாம். அறிவுத்திறனிலும் அது தெரிந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ‘நீட்’ (NEAD) ஆய்வில், கருவில் வால்ப்ரோயேட்டுக்கு ஆளான குழந்தைகளின் ஆறு வயது ஐ.க்யூ. சராசரி 97, லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு ஆளானவர்களுக்கு 108. வால்ப்ரோயேட்டின் அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடியது.

2024-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, எது நோயால் வருவது, எது மருந்தால் வருவது என்று பிரித்துக் காட்டியது. எட்டு வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள், வலிப்பு இருந்தும் கர்ப்பத்தின் பிற்பாதியில் மருந்தே எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளில் 4.2 சதவீதம், லாமோட்ரிஜின் எடுத்தவர்களின் பிள்ளைகளில் 4.1, வால்ப்ரோயேட் எடுத்தவர்களின் பிள்ளைகளில் 10.5. டென்மார்க் எண்களைவிட இவை பெரிதாக இருப்பதற்கு, அமெரிக்காவில் ஆட்டிசத்தைக் கண்டறியும் முறையும் காலமும் வேறு என்பது காரணம். பார்க்கவேண்டியது ஒப்பீட்டை. லாமோட்ரிஜின், நோயால் வரும் ஆபத்துக்கு மேல் எதையும் கூட்டவில்லை. வால்ப்ரோயேட் கூட்டியது. டோபிராமேட் என்ற மற்றொரு வலிப்பு மருந்தின் எண் முதலில் 6.2 ஆகத் தெரிந்தாலும், மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்தபோது அந்தக் கூடுதல் மறைந்தது. ஆனால் 2022-இல் வந்த நார்டிக் நாடுகளின் ஆய்வு டோபிராமேட்டைப் பற்றியும் எச்சரித்திருப்பதால், மருத்துவர்கள் அதிலும் கவனமாகவே இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இத்தகைய ஆய்வைச் செய்துவருவது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பக் கழகம். அங்கே 1998-இல் மருத்துவர் சஞ்சீவ் தாமஸ் தொடங்கிய கேரள வலிப்பு–கர்ப்பப் பதிவேடு, வலிப்புள்ள பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்போ தொடக்கத்திலோ பதிவு செய்து, பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியையும் தொடர்ந்து பார்த்துவருகிறது. வால்ப்ரோயேட்டின் அளவு கூடும்போது பிறவிக் குறைபாடுகளும் கூடுகின்றன என்பதைத் தென்னிந்தியத் தாய்மாரிடமே அது காட்டியிருக்கிறது. இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரிய கணக்கு அல்ல.

முன்பே ஏன்?

கருவின் நரம்புக்குழாய், கரு உருவான நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், வீட்டில் பரிசோதித்து, மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதோ ஒரே நாளில் முடியும் காரியமில்லை. புதியதைச் சிறிது சிறிதாக ஏற்றி, பழையதை மெல்லக் குறைத்து, வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பல மாதங்கள் ஆகும். ஆகவே திருமணப் பேச்சு தொடங்கும்போதே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையில் ‘சோடியம் வால்ப்ரோயேட்’ அல்லது ‘டைவால்ப்ரோயெக்ஸ்’ என்று இருந்தால், “இதை மாற்ற முடியுமா டாக்டர்?” என்று கேட்க வேண்டும். வலிப்புக்கு மட்டுமல்ல, ஒற்றைத் தலைவலிக்கும் இருமுனை மனநோய்க்கும் இதே மருந்து கொடுக்கப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சில வகை வலிப்புகளுக்கு வேறு மருந்து எதுவும் கேட்காமல் போகலாம். அப்போது மிகக் குறைந்த அளவில் அதையே தொடர்வதா என்பதை, எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். மாமியாரோ கணவனோ அல்ல.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மட்டும் மனத்தில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: கர்ப்பிணி எந்த வலிப்பு மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடரலாம், கீழே விழலாம், தாய்க்கும் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையலாம், உயிரே போகலாம். கர்ப்ப காலத்தில் லாமோட்ரிஜினும் லெவெடிராசெட்டம் என்ற மருந்தும் உடலிலிருந்து வேகமாக வெளியேறுவதால், பலருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். குறைக்கவேண்டும் என்று வீட்டார் எண்ணும் அதே காலத்தில் மருத்துவர் கூட்டச் சொல்வது இதனால்தான். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையும் அவசியம். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். குழந்தை பிறந்த பின் தாய்ப்பால் கொடுப்பதற்கும் பெரும்பாலும் தடையில்லை.

தந்தையரைப் பற்றியும் சொல்லவேண்டும். கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்ட ஆண்களின் பிள்ளைகளில் வளர்ச்சிக் குறைபாடுகள் சுமார் 5 சதவீதம், வேறு மருந்து எடுத்தவர்களின் பிள்ளைகளில் சுமார் 3 சதவீதம் என்ற தரவின் பேரில், 2024-இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு முன்னெச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டில் டென்மார்க்கிலிருந்து வந்த பெரிய ஆய்வில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எனவே ஆண்கள் பதற வேண்டாம். பிள்ளை பெறத் திட்டமிடும்போது மருத்துவரிடம் பேசினால் போதும்.

குழந்தை பிறந்த பிறகு

வலிப்புள்ள பெற்றோரின் குழந்தையை நோயாளியைப் போல் வளர்க்கத் தேவையில்லை. ஆனால் கண் திறந்திருக்க வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? ஒன்றரை வயதில் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா? இல்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மும்பைத் தமிழ் வீடுகளில் இந்த இடத்தில் ஒரு தவறான ஆறுதல் குறுக்கே வரும். “வீட்டுல தமிழ், கீழே விளையாடப் போனா மராத்தி, இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ். குழந்தை குழம்பிப்போய்த்தான் பேசல, தானா பேசிடுவான்” என்று பாட்டி சொல்வார். பல மொழிகள் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. மேலும், விரல் நீட்டிக் காட்டுவதற்கும் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கும் எந்த மொழியும் தேவையில்லை. அவை இல்லாமல் போனால் மொழிமேல் பழிபோட்டு இரண்டு ஆண்டுகளை இழக்கக் கூடாது. ஆட்டிசம் என்று தெரிந்த பிறகும், வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டுமே பேசத் தேவையில்லை.

வழிகள் தொலைவில் இல்லை. சயான் மருத்துவமனையில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான மையம் உண்டு. நெருளிலிருந்து ஹார்பர் லைனில் போய் குரு தேக் பகதூர் நகரில் இறங்கலாம். வாஷியில் நவி மும்பை மாநகராட்சி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்வி, பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிறது. 2001-இல் மருத்துவர் விபா கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ‘உம்மீத்’ குழந்தை வளர்ச்சி மையமும் மும்பையில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டிருப்பதால், சான்றிதழ் பெற்றால் பள்ளியிலும் தேர்விலும் சலுகைகளைக் கோரலாம்.

சட்டம் மாறிவிட்டது

இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்தது. 1999-இல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கியது. வலிப்பு உள்ளவர் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இன்று தடையில்லை. ஆனால் வரன் பார்க்கும் இடங்களில் பழைய சட்டமே இன்னும் நடக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது பெண்தான்: புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்குகிறாள், ஒளிக்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள், மருந்தை மாற்றுவதற்கு இருந்த மாதங்கள் யாரிடமும் பேச முடியாமலே கழிந்துபோகின்றன.

ஆகவே பெண் வீட்டார் சொல்லட்டும். பிள்ளை வீட்டார் கேட்டுக்கொள்ளட்டும். கேட்டவர்கள் அடுத்துக் கேட்கவேண்டியது, “என்ன வகை வலிப்பு, இப்போது என்ன மாத்திரை, மருத்துவரைச் சேர்ந்தே போய்ப் பார்ப்போமா?” என்பதைத்தான். பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்தில் நம்மால் குறைக்க முடிந்த பங்கு, இந்தப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதைப் பொறுத்தே குறைகிறது.